இடப்பக்கமிருந்து தொடங்கும் எழுத்து

ருகையாவின் கணவர் மூஸா நெய்னாவுக்குக் கொழும்பில் ஜவுளிக் கடை வேலை. நோன்புப் பெருநாளை ஒட்டி வருஷத்துக்கு ஒருமுறை காயல்பட்டணத்துக்கு வருவார், ஒரு மாதம் தங்குவார், மறுபடி தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிவிடுவார். ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு என்பதால் யாரும் அதை ஒரு குறையாகப் பேசுவதில்லை. ஆனால் ஜப்பான் சண்டையில் கொழும்பில் குண்டு விழுந்த வருஷத்திலிருந்து அவர் வரவே இல்லை. முதலாளி பயந்துபோய் ஊருக்கு ஓடிவந்தபோது, கடையைப் பார்த்துக்கொள்ள இவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எப்போதாவது ஒரு கடிதாசி வரும். சர்க்கார் ஆட்கள் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிய கடிதாசி. அதில் சுகம் என்று இருக்கும். வேறொன்றும் இருக்காது.

வீட்டில் ருகையாவோடு இருந்தது மூன்று பேர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்த, அவளைப் பெற்ற வாப்பா, ஏழு வயசு மகன் ஸதக்கத்துல்லாஹ், இன்னும் பால் மறக்காத ராஹிலா. வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டும். மிச்ச நேரத்தில் கடைக்காரர்களுக்குத் தொப்பி தைப்பாள். ஊசி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும், குழந்தை அழும், எழுந்திருப்பாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயசுதான். கண்ணாடியைப் பார்க்கிற வழக்கத்தை விட்டிருந்ததால் எத்தனை வயசுக்காரியாகத் தெரிகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

ருகையா கோஷாப் பெண். வயசுக்கு வந்த நாளிலிருந்து தெருவில் கால் வைத்ததில்லை. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடக்கவென்றே ஒடுக்கமான சந்துகள் உண்டு, முடுக்கு என்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு, சாவு விழுந்த மௌத்து வீட்டுக்கு எல்லாம் அந்த முடுக்கு வழியாகத்தான் போக்குவரத்து. முடுக்கு முடிகிற இடத்தில் அவளுடைய உலகமும் முடிந்துவிடும். அதற்கு அப்பால் ஆகவேண்டிய வேலைக்கெல்லாம் ஸதக்குதான். சர்க்கார் அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்பது அவன். தாத்தாவுக்கு வைத்தியர் வீட்டில் தைலம் வாங்கி வருவது அவன். தைத்த தொப்பியைக் கடையில் கொடுத்து அடுத்த துணியை வாங்கி வருவதும் அவன்தான். விடிகாலையில் ஓதப்பள்ளிக்குப் போய் குர்ஆன் ஓதிவிட்டு வருவான். வந்ததும் பையும் ரேஷன் கார்டும் அவன் கையில் ஏறும். அவன் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பாதி நாள் முதல் பாடம் முடிந்திருக்கும், பாதி நாள் அரிசி தீர்ந்து வெறும் பையோடு திரும்பிய களைப்பில் போகவே மாட்டான். போனானா இல்லையா என்று அவள் கேட்டதில்லை. அவன் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அவள் வாயில் வருவது, "அரிசி தந்தானா? எண்ணெய் கொட்டாம கொண்டாந்தியா?" என்பதுதான்.

ஒன்றாம் வகுப்பிலேயே அவனுக்கு அது இரண்டாவது வருஷம்.

கார்த்திகை மாதம், இரண்டு நாள் அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம், மீன் விற்கிற மிக்கேலம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். பக்கத்துக் கொம்புத்துறைக்காரி. வழக்கமாகக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டுதான் குரல் கொடுப்பாள். அன்றைக்குக் கூடை இல்லை. ஸதக்குவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மேலில் சட்டை இல்லை. பெரிய ஆளின் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தான், முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"பயப்படாத தாயி, பிள்ளை நல்லாத்தான் இருக்கான்" என்று முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மிக்கேலம்மாள் மற்றதைச் சொன்னாள். பையன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றிருக்கிறான். மழைக்காலத்துக் கடல், அலை காலை வாரிவிட்டது. கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் பார்த்துப் பாய்ந்து பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். குடித்த தண்ணீரையெல்லாம் கக்க வைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள்.

"இன்னைக்கு மட்டும் இல்ல. பல நாளா வாரான். சிலேட்டைக் கட்டுமரத்துக்கு அடியில வச்சுட்டு அங்கனயே உட்கார்ந்திருப்பான். யார் வீட்டுப் பிள்ளைன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

ருகையா அவனை இழுத்து மடியில் போட்டுத் தலையைத் துவட்டினாள். அடிக்கக் கை ஓங்குவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. துவட்டிக்கொண்டே எதற்குக் கடலுக்குப் போனாய் என்று கேட்டாள். வாப்பா வருகிற தோணியைப் பார்க்கப் போனதாகச் சொன்னான். கரையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை, கொஞ்சம் உள்ளே போய் நின்றால் தெரியும் என்று போனானாம். கொழும்புக் கப்பல் தூத்துக்குடிக்குத்தான் வரும், இந்தக் கரைக்கு வராது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான். பிரம்பு பட்ட தடம் பழுத்துக் கறுத்திருந்தது. அந்தக் கையால்தான் அவன் தினமும் அரிசிப் பையைத் தூக்கி வந்திருக்கிறான், அந்தக் கையிலிருந்துதான் அவள் பையை வாங்கி வைத்திருக்கிறாள்.

மிக்கேலம்மாள் போகும்போது ருகையா அவளிடம் ஒரு உதவி கேட்டாள். முடுக்கு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் சொல்லி, பள்ளிக்கூடத்து வாத்தியாரை ஒரு நடை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும்.

வாத்தியார் எபனேசர் ஆறுமுகநேரியிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். அந்நிய ஆண் வீட்டுக்கு வருவதை நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிடக் கூடாதென்று, ருகையாவும் ஸதக்குவுமாக வாப்பாவின் கட்டிலை இழுத்து வந்து முன்கட்டு வாசலோரம் போட்டிருந்தார்கள். கிழவரால் பேச முடியாது. ஆனாலும் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருந்ததாக ஆயிற்று. வாத்தியார் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ருகையா திரைக்குப் பின்னால் நின்றாள்.

அவர் கோபமாக வருவார் என்று அவள் எண்ணியிருந்தாள். குரலைக் கேட்டால் அவளைவிட அலுத்துப்போனவராக இருந்தார். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு, அறுபது பிள்ளைகள், சண்டைக்குப் போனால் நல்ல சம்பளமென்று இன்னொரு வாத்தியார் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார் என்று தம் பாட்டை முதலில் சொன்னார். பிறகு ஸதக்குவைப் பற்றிச் சொன்னார். பிள்ளை பாதி நாள் வருவதில்லை. வருகிற நாளும் மணி அடித்து வெகு நேரம் கழித்து வருகிறான், வந்து தூங்குகிறான். எழுதச் சொன்னால் வேண்டுமென்றே தாறுமாறாக எழுதுகிறான், அதற்குத்தான் அடி.

"வேணும்னு எழுத மாட்டான் சார்" என்றாள் ருகையா. சொல்லிவிட்டு, தனக்கு அது எப்படித் தெரியும் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவனை எழுதச் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்டாள்.

ஸதக்கு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கடல் என்று எழுது என்றார் வாத்தியார். திரையின் இடுக்கு வழியாக ருகையா அவன் கையைப் பார்த்தாள். சிலேட்டின் வலது ஓரத்தில் குச்சியை வைத்து, நாக்கை மடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இடது பக்கம் நகர்ந்து எழுதி முடித்தான். எழுத்து உருண்டையாக, சுத்தமாக இருந்தது. அவளுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

வாத்தியார் குனிந்து சிலேட்டைத் தம் பக்கம் திருப்பினார்.

"ல், ட, க. இப்படித்தாம்மா எப்பவும் எழுதுவான். எழுதி முடிச்ச சிலேட்டைத்தான் நான் பார்ப்பேன். எழுதுற கையைப் பார்த்ததில்ல. எழுத்து அந்தப் பக்கமிருந்து போகுது. இந்தப் பக்கமிருந்து போகணும்."

ருகையாவுக்கு அறபுத்தமிழ் வாசிக்கத் தெரியும். தமிழ்ப் பேச்சுதான், ஆனால் அறபு எழுத்தில் எழுதுவது. அந்த ஊர்ப் பெண்கள் பலரும் அதைத்தான் கற்றிருந்தார்கள். மார்க்கக் கதைகளும் பாட்டுகளும் அதில் வாசிப்பாள், கணவரின் கடிதாசியும் அந்த எழுத்தில்தான் வரும். அது வலப்பக்கமிருந்து தொடங்குவது. குர்ஆனும் வலப்பக்கமிருந்துதான். எழுத்து என்றாலே வலப்பக்கமிருந்துதான் தொடங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். தமிழ் எழுத்து இடப்பக்கமிருந்து தொடங்கும் என்பதை இருபத்தாறு வயசில் ஒரு திரைக்குப் பின்னால் நின்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

மற்றப் பிள்ளைகளும் ஓதப்பள்ளிக்குப் போய்விட்டுத்தானே வருகிறார்கள், இவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் கேட்டாள். அதற்கு வாத்தியார் தயங்கித்தான் பதில் சொன்னார். எழுத்துப் போடக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது வருஷத் தொடக்கத்து முதல் சில வாரங்கள். அந்த நாட்களில் இவன் வரவில்லை. வந்தபோது வகுப்பு முன்னே போய்விட்டது. யாரும் சொல்லித் தராததைத் தனக்குத் தெரிந்த விதத்தில் செய்திருக்கிறான்.

எங்கே போயிருந்தான் என்று வாத்தியார் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரியும். கண்ட்ரோல் அரிசி ஆரம்பித்த சமயம் அது.

அவர் போவதற்கு எழுந்தபோது, நான் என்ன செய்யட்டும், எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே என்றாள். வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: எழுத்து தெரிய வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், மணிக்கு முன்னால் அனுப்புங்கள். சாயங்காலம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று தினமும் கேளுங்கள், அவன் வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். புரியாவிட்டாலும் உட்காருங்கள். இனி கையைப் பார்ப்பேன், பிரம்பை எடுக்க மாட்டேன் என்று தம் பங்குக்கும் ஒன்று சொன்னார். அந்த வாக்கை அவர் முழுக்கக் காப்பாற்றினார் என்று சொல்வதற்கில்லை. ஸதக்கு விஷயத்தில் காப்பாற்றினார்.

சொல்வதெல்லாம் நாலு வரிதான். அதை நடத்துவதற்குள் ருகையாவுக்குப் பாதி உயிர் போயிற்று.

முதலில் அரிசி வரிசை. அதிலிருந்து பிள்ளையை விடுவித்தால்தான் மற்றது எதுவும் ஆகும். மிக்கேலம்மாள் மீன் விற்க எப்படியும் கடைத்தெருவுக்குப் போகிறவள். கூடையோடு கூடையாக வரிசையிலும் நிற்க முடியுமா என்று கேட்டதற்கு, அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் ஐந்து உருப்படி இருக்கிறது தாயி என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, கிறிஸ்துமஸுக்குத் தன் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துத் தந்தால் நிற்பதாகச் சொன்னாள். தொப்பிக்கு மேல் அந்தத் தையலும் சேர்ந்தது. ருகையா கண்ணைக் கசக்கிக்கொண்டு தைத்தாள்.

அடுத்தது வழி. கடல் ஒரு பயம் என்றால், திருச்செந்தூர் ரோடு இன்னொரு பயம். உப்பு வண்டிகள் வரிசையாகப் போகும், பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் புகை கக்கிக்கொண்டு வரும். பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அவள் போக முடியாது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக அடுத்த வீட்டு ஜெய்னம்புவிடம் போனாள்.

ஜெய்னம்பு அவளைவிட மூத்தவள், ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவர் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து ஊர் சேர்ந்து, காய்ச்சலில் படுத்து எழுந்து, இப்போது வடக்கே எங்கேயோ வேலை தேடிப் போயிருந்தார். அவளுடைய மகன் அபுல் ஹஸனும் அதே ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தான். ருகையா கேட்டது சின்ன விஷயம். பிள்ளைகள் தெரு வழியாகப் போக வேண்டாம், முடுக்கு வழியாகச் சேர்ந்து போகட்டும். ஒவ்வொரு வீட்டு உம்மாவும் அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் போதும். என் வாசலிலிருந்து உன் வாசல் வரைக்கும் நான் பார்ப்பேன், உன் வாசலிலிருந்து அடுத்த வாசல் வரைக்கும் நீ பார். முடுக்கு முடிகிற இடத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடை. ரோட்டைத் தாண்டிவிடுகிற வேலையை அவர் செய்யட்டும்.

ஜெய்னம்பு கேட்டுவிட்டு, "இதை இத்தனை நாளா நாம ஏன் செய்யல?" என்றாள்.

ஏழெட்டு வீடு சேர்ந்தது. காலையில் பிள்ளைகள் சிலேட்டோடு முடுக்கில் இறங்கினால், கதவுக்குக் கதவு பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கடைசி வரைக்கும் போகும். கடைசிக் கதவுக்காரி கடையைப் பார்த்துக் கையைத் தட்டுவாள். அண்ணாச்சி தராசை வைத்துவிட்டு எழுந்து வந்து, பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்தி, வண்டி போனதும் அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார். வியாபார நேரத்தில் அவருக்கு அது தொந்தரவுதான். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

மூன்றாவது, சாயங்காலம். அசர் தொழுதுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே, ருகையா தையலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தாள். ஸதக்கு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். மடியில் ராஹிலா, உள்ளே வாப்பாவின் முனகல். முதல் நாள் என்ன படித்தாய் என்று கேட்டபோது, உங்களுக்குத் தெரியாதும்மா என்றான். தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றாள். அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு தரையில் மணலைப் பரப்பி அ என்று எழுதிக் காட்டினான். அவளும் எழுதினாள். அவள் கை தன்னையறியாமல் வலப்பக்கம் போய் நின்றது. ஸதக்கு அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான், அப்புறம் அவள் விரலைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தான். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் காட்டிக் காட்டியே அவன் கையும் அந்தப் பக்கம் பழகிற்று.

எல்லா நாளும் அப்படி நடந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பல நாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவாள். முதலில் அவன் உலுக்கி எழுப்புவான். பிறகு எழுப்பாமல் தானாகவே வாசித்து முடித்து, சிலேட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். சில நாள் அவளுக்கு எரிச்சலாக வரும், இது எதற்கு, கொழும்பில் துணி கிழிக்கப்போகிறவனுக்கு ஐந்து எழுத்துப் போதாதா என்று தோன்றும். ஒருநாள் அப்படியே வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு மறுநாள் அவளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

மாசி மாதம் அந்த முடுக்கில் ஒரு கல்யாணம். வீடெல்லாம் ஆளும் சமையலுமாக இருந்ததில் காலையில் யாரும் பின்கதவைப் பார்க்கவில்லை. ஒருத்தி நிற்பாள் என்று மற்றொருத்தி நினைத்துக்கொண்டாள். ருகையா தன் வாசலில் நின்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாப்பா முனகுவது கேட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சியும் அன்றைக்குச் சரக்கெடுக்கத் தூத்துக்குடி போயிருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே ரோட்டைத் தாண்டினார்கள். மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். அபுல் ஹஸன் கீழே விழுந்த சிலேட்டை எடுக்கத் திரும்பினான். உப்பு வண்டிச் சக்கரம் அவன் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று. வைத்தியர் கட்டுப் போட்டார். கல்யாண வீட்டின் கொட்டுச் சத்தத்துக்குள் பையனின் அலறல் முடுக்கு முழுக்கக் கேட்டது.

ருகையா ஓடிப்போனபோது ஜெய்னம்பு அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"தெரு வழியா அனுப்பின காலத்துல என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. உன் ஏற்பாட்டை நம்பித்தான் நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அது நியாயமில்லாத பேச்சு. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ருகையா வந்த வழியே திரும்பினாள். அன்று சாயங்காலம் ஸதக்கு புத்தகத்தைக் கொண்டுவந்தபோது இன்றைக்கு வேண்டாம் என்றாள். மறுநாள் பாதிக் கதவுகள் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பெண்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், சிலர் தெரு வழியாக அனுப்பினார்கள். யார் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவள் தன் கதவைத் திறந்து நின்றாள். இனி, பிள்ளைகள் அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கடைசி வீட்டிலிருந்து சத்தம் திரும்பி வருகிற வரைக்கும் உள்ளே போவதில்லை என்று வைத்துக்கொண்டாள். உள்ளே வாப்பா முனகினால் முனகட்டும். அது பாவம் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றினாலும் நின்றாள். அண்ணாச்சி இல்லாத நாளில் பிள்ளைகளை அனுப்புவதில்லை, அவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றும் கதவைத் திறந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ருகையா ஜெய்னம்பு வீட்டுக்குத் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினாள். முதலில் பாத்திரம் தொடாமல் திரும்பி வந்தது. ஒரு வாரம் போனபின் காலியாக வந்தது. பையன் வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று ஸதக்குவைச் சிலேட்டோடு அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் நடத்தியதையெல்லாம் அவன் அபுல் ஹஸனுக்குக் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தான். ஜெய்னம்பு அப்போதும் ருகையாவோடு பேசவில்லை. பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில் அவள் பின்கதவு திறந்தது. நொண்டிக்கொண்டு வந்த மகனை முடுக்கில் இறக்கிவிட்டு, ருகையா பக்கம் பார்க்காமல், "ஸதக்கு, அவன் கையைப் பிடிச்சுக்கோ வாப்பா" என்றாள். பேச்சு அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அபுல் ஹஸன் கடைசி வரைக்கும் லேசாகச் சாய்ந்துதான் நடந்தான்.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஸதக்கு இரண்டாம் வகுப்புக்குத் தேறினான். வாத்தியார் எபனேசர் சைக்கிளை நிறுத்தி முன்வாசலில் நின்றபடியே அதைச் சொல்லிவிட்டுப் போனார். ருகையா திரைக்குப் பின்னால் நின்று சந்தோஷம் சார் என்றாள். கேட்டவருக்கு அழுகிறாளோ என்று தோன்றியிருக்கும். அவளுக்கு அழவும் தெம்பில்லை. சந்தோஷம்தான், ஆனால் இன்னும் நாலு வகுப்பு இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

சண்டை முடிந்த வருஷம் மூஸா நெய்னா வந்தார். தலை நரைத்து, பாதியாய் இளைத்து வந்தார். வந்த சில நாளில் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார். சாமர்த்தியமான பிள்ளை, போகும்போது கூட்டிப் போகிறேன், கடையில் சின்ன வேலையிலிருந்து பழகட்டும் என்றார். ஊர் வழக்கப்படி அது கேட்டுச் செய்கிற காரியமில்லை, சொல்லிச் செய்கிற காரியம். ருகையா அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தாள். தட்டை எடுக்கும்போது சொன்னாள்.

"அஞ்சாவது முடியட்டும். அதுக்கப்புறம் நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் நான் தடை சொல்ல மாட்டேன். இப்ப எடுத்தா நான் பட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

என்ன பட்டாய் என்று அவர் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பின்கட்டில் மகனோடு உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி அவனோடு சேர்ந்து வாசிப்பதைக் கதவருகில் நின்று பார்த்தார். தனியாகத்தான் கப்பலேறினார்.

வாப்பா அடுத்த வருஷம் மௌத்தானார். ராஹிலா வளர்ந்தாள். பெண்பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்டவர்களோடு ருகையா வாதாடவில்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சோறு பொங்க நேரமாகிவிடும் என்று பேசாமல் அவளையும் மற்றப் பிள்ளைகளோடு முடுக்கில் இறக்கிவிட்டாள்.

ஸதக்கத்துல்லாஹ் ஐந்தாவது தேறிய வருஷம் பெருநாளுக்கு மூஸா நெய்னா வந்து அவனைக் கூட்டிப் போனார். பன்னிரண்டு வயசு, மீசை கூட அரும்பவில்லை. புதுச் சட்டையில் கை நீளமாக இருந்தது, மடித்துவிட்டாள். ரயிலடிவரைக்கும் அவளால் போக முடியாது. முன்கட்டுத் திரைவரைக்கும் வந்து நின்றாள். பரீட்சை இல்லாவிட்டாலும் ராஹிலாவை வாசிக்கச் சொல்லுங்கள் என்று பெரிய மனுஷன் போல அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் போனபிறகு வீட்டைக் கூட்டினாள். அரிசி களைந்து வைத்தாள். மத்தியானம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. கையிலிருந்த தையலை அப்படியே பாயில் வைத்துவிட்டு, தலையணைகூட எடுக்காமல் பக்கத்திலேயே படுத்தாள். பகலில் படுத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பின்வாசல் வழியாக வந்த ஜெய்னம்பு அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு, தையலிலிருந்த ஊசியை எடுத்துத் தூணில் குத்தி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ராஹிலாவை உம்மாவை எழுப்ப விடாமல் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள்.